ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் சுவரொட்டிகள் யாரிடம் பேசின?

கேள்வி இது: ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் (1936–39) குடியரசுத் தரப்பு அச்சிட்ட சுவரொட்டிகளை இன்றும் உலகம் வியந்து பார்க்கிறது. அவ்வளவு வலுவான பிரச்சாரம் கையில் இருந்தும் அந்தத் தரப்பு ஏன் தோற்றது? அவற்றைக் கலை என்பதா, வெறும் பிரச்சாரம் என்பதா?

தோல்விக்கான காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், அவை சுவரொட்டியோடு தொடர்பில்லாதவை. ஜெர்மனியும் இத்தாலியும் அரசை எதிர்த்துக் கிளர்ந்த தளபதி பிராங்கோவுக்கு விமானங்களும் படையாட்களும் தந்தன. பிரிட்டனும் பிரான்சும் 1936 ஆகஸ்டிலேயே 'தலையிடாமை' ஒப்பந்தம் போட்டு, சட்டப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு ஆயுதம் வாங்கும் வழியை அடைத்தன. சோவியத் ஆயுதம் அந்த அக்டோபரில் வரத் தொடங்கியது. ஆனால் தொடர்ச்சியாக வரவில்லை. குடியரசுக்குள் இருந்த கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றை ஒன்று நம்பவில்லை. இதில் எதையும் ஒரு காகிதத் தாள் மாற்றியிருக்க முடியாது.

ஆனால் கேள்விக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. சுவரொட்டி என்றால் எதிரியைத் தாக்கும் ஆயுதம் என்று நினைத்துக்கொள்கிறோம். உள்நாட்டுப் போரில் அது அப்படி இயங்குவதில்லை. பார்சிலோனா தெருவில் ஒட்டிய தாளை பிராங்கோவின் சிப்பாய் பார்க்கப் போவதில்லை. பார்த்தவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள், டிராமுக்குக் காத்திருந்தவர்கள், வேலை முடிந்து திரும்பிய தொழிலாளிகள். அதாவது சொந்தத் தரப்பு மக்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் அந்தச் சுவரொட்டிகள் வேறுமாதிரி தெரியத் தொடங்கும். வெற்றி முழக்கமாகத் தெரிந்தவை, ஒரு சமூகம் தன்னிடம் என்ன இல்லை என்று தானே எழுதி வைத்த பட்டியலாக மாறும்.

அவை எப்படி உருவாயின என்பதிலிருந்து வருகிறேன். 1936 ஜூலை 17 அன்று ஸ்பெயினின் மொரோக்கோப் பகுதியில் ராணுவத் தளபதிகள் கிளர்ந்தார்கள். அடுத்த இரண்டு நாட்களில் அது நாடெங்கும் பரவியது. மாட்ரிட், பார்சிலோனா, வாலென்சியா மூன்றிலும் கிளர்ச்சி தோற்றது. நாட்டின் பெரிய அச்சகங்களும் விளம்பர ஓவியர்களும் இந்த மூன்று நகரங்களில்தான் இருந்தார்கள். பார்சிலோனாவில் தொழில்முறை ஓவியர் சங்கம் ஒன்று போருக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தொடங்கியிருந்தது. அதன் முதல் தலைவர் ஹெலியோஸ் கோமெஸ், ரோமா (ஜிப்சி) இனத்தவர். கார்லஸ் ஃபொன்ட்சேரே போன்ற இருபது வயது இளைஞர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் முதல் வாரங்களிலேயே வரையத் தொடங்கினார்கள். அரிவாளை உயர்த்தி 'விடுதலை!' என்று கத்தும் விவசாயியின் படம் ஃபொன்ட்சேரே வரைந்தது.

இவர்கள் யாரும் புரட்சிக் கலைப் பள்ளியில் படித்து வந்தவர்கள் அல்ல. அதுவரை வாசனைத் திரவியத்துக்கும் திரைப்படத்துக்கும் காளைச் சண்டைக்கும் விளம்பரம் வரைந்து பிழைத்தவர்கள். வாலென்சியாவின் ஜுசெப் ரெனாவ் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1932இல் 'லாஸ் அரேனாஸ்' என்ற கடற்கரை நீச்சல் குளத்துக்கு மிக நேர்த்தியான விளம்பரம் ஒன்று செய்திருந்தார். காற்றுத் தூரிகையால் மழமழவென்று நிழலேற்றும் அதே கை பிறகு போர்வீரனையும் ஆலைத் தொழிலாளியையும் வரைந்தது. சோவியத் பாணியைப் பிரதியெடுத்தார்கள் என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சோவியத் தாக்கம் இருந்தது, ஜெர்மனியின் ஜான் ஹார்ட்ஃபீல்டின் புகைப்பட ஒட்டுப்படத் தாக்கம் ரெனாவிடம் பலமாகவே இருந்தது. ஆனால் அடித்தளம் கடைத்தெரு விளம்பரம்தான். நடந்துகொண்டே போகிறவனை இரண்டு நொடி நிறுத்த வேண்டும் என்ற பயிற்சி அங்கிருந்து வந்தது.

தொழில்நுட்பமும் வடிவத்தைத் தீர்மானித்தது. பெரும்பாலானவை கல்லச்சு முறையில், அதாவது கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ வரைந்து எடுத்தவை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனித் தகடு, ஒரு தனி ஓட்டம். அவசரமும் செலவும் சேர்ந்து மூன்று நான்கு வண்ணங்களுக்கு மேல் போக விடவில்லை. அந்தப் பெரிய தட்டையான சிவப்பு, கறுப்பு, மஞ்சள் பரப்புகளுக்கு அழகுணர்ச்சி பாதி காரணம் என்றால் அச்சகத்தின் அவசரம் மீதிப் பாதி. சுமார் ஒரு மீட்டர் உயரம், 70 சென்டிமீட்டர் அகலம் என்பது வழக்கமான அளவு. 1938 வாக்கில் காகிதத் தட்டுப்பாடு கடுமையானதும் எண்ணிக்கையும் குறைந்தது.

நாட்டில் கால்வாசிக்கும் மேற்பட்டோருக்கு அன்று எழுத்தறிவு இல்லை. அதனால் படம் தனியாக நின்றே பேச வேண்டியிருந்தது. இதில் எனக்கு மிகப் பிடித்தது புகைப்படக்காரர் பெரே கத்தலா இ பிக் 1936இல் செய்தது: ஈரமான கல் பாவிய தெருவில் கிடக்கும் ஸ்வஸ்திகா ஒன்றை, கேட்டலோனிய (பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட பகுதி) உழவர்கள் அணியும் கயிற்றுச் செருப்புக் கால் ஒன்று மிதித்து உடைக்கிறது. முகம் இல்லை, கொடி இல்லை, துப்பாக்கி இல்லை. 'பாசிசத்தை நசுக்குவோம்' என்ற வரியை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது. அந்தச் செருப்பு ராணுவப் பூட்ஸாக இருந்திருந்தால் படமே கெட்டுப்போயிருக்கும். இதை வெளியிட்டது கேட்டலோனிய அரசின் பிரச்சாரத் துறை. 1936 அக்டோபரில் ஜவுமே மிராவிட்ல்யெஸ் தலைமையில் அமைந்தது.

சரி, சொந்த மக்களிடம் என்ன கேட்டார்கள்? இந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

'ஒரே தலைமை, கட்டுப்பாடு' என்று ஏராளமான சுவரொட்டிகள் வந்தன. ஏன்? ஒரே தலைமை இல்லை. முதல் மாதங்களில் ஒவ்வொரு கட்சிக்கும் சங்கத்துக்கும் தனித்தனிப் போராளிப் படை இருந்தது, உத்தரவை வாக்கெடுப்பில் விவாதித்த படைகளும் உண்டு. 'டாங்கி செய்யுங்கள், டாங்கி, டாங்கி' என்று கேட்டலோனிய மொழியில் ஒன்று வந்தது. கார் செய்த தொழிற்கூடங்களை அவசரமாகப் போர்த் தொழிலுக்குத் திருப்பிக்கொண்டிருந்த நேரம் அது. 'குளிர்காலப் பிரச்சாரம்' என்ற பெயரில் போர்வையும் கம்பளியும் கேட்டு வந்தவை, போர்முனையில் சிப்பாய் நடுங்கிக்கொண்டிருந்தான் என்பதற்குச் சாட்சி. உணவு குறைந்தபோது கேட்டலோனியாவில் வீட்டுக்கு வீடு கோழி வளர்க்கச் சொல்லி 'முட்டைப் போர்' என்றொரு இயக்கமே நடந்தது. சுவரில் பெரிய முட்டை ஒன்றைப் பார்த்து இன்று சிரிப்பு வரலாம். அதை ஒட்டிய நகரத்தில் முட்டை கிடைக்கவில்லை.

ரமோன் புயோல் வரைந்த ஒரு வரிசையும் இருக்கிறது. பதுக்கல்காரன், வதந்தி பரப்புகிறவன், தோல்வி பேசுகிறவன், உளவாளி என்று ஒவ்வொருவனும் விகாரமான ஒரு பிராணியாக வருகிறான். எல்லாரும் பின்களத்து மனிதர்கள். பக்கத்து வீட்டுக்காரனாகக்கூட இருக்கலாம். நாம் சாதாரணமாகச் சொல்லும் 'ஐந்தாம்படை' என்ற பேச்சே 1936இல் மாட்ரிட் முற்றுகையை ஒட்டிப் பிறந்ததுதான். நான்கு படைவரிசைகள் நகரை நெருங்க, ஐந்தாவது உள்ளேயே இருக்கிறது என்று கிளர்ச்சித் தளபதி மோலா சொன்னதாகப் பரவியது. அந்தச் சந்தேகம் சுவரொட்டிகளில் ஏறி, சிறைகளுக்கும் இரவு நேரக் கைதுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அராகோன் பகுதியில் அனார்க்கிஸ்ட் (அரசே வேண்டாம் என்றவர்கள்) தொழிற்சங்கமான சி.என்.டி.யின் பெயரில் வந்த ஒன்று என்னை எப்போதும் தொந்தரவு செய்யும்: 'தொழிலாளியே, குடிகாரன் ஓர் ஒட்டுண்ணி. அவனை ஒழிப்போம்.' புது உலகம் படைக்க வந்தவர்களின் ஒழுக்கத் தீவிரம் அது. ஆனால் ஆட்கள் உண்மையிலேயே ஒழிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு காலத்தில் அந்த வினைச்சொல் எவ்வளவு இலேசாக வந்து விழுந்திருக்கிறது பாருங்கள். இன்னொரு பக்கம், பால்வினை நோய் எதிரியின் தோட்டாவைப் போல ஆபத்தானது என்று எச்சரித்தவை, 'எழுத்தறியாமை அறிவைக் குருடாக்கும், சிப்பாயே படி' என்று கண் கட்டிய மனிதனைக் காட்டியவை. இவற்றின் பின்னால் உண்மையான வேலை நடந்தது. 1937 தொடக்கத்தில் 'கலாச்சாரப் படைகள்' என்று ஆசிரியர்களைத் திரட்டிப் போர்முனைக்கே அனுப்பினார்கள். பதுங்கு குழியில் எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் பல்லாயிரம் பேர். கேட்டதும் நடந்ததும் ஒன்றாக இருந்த அரிய இடம் இது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1936இல் ஆர்தெச்சே வரைந்த 'போராளிப் படைகளுக்கு நீங்கள் தேவை' சுவரொட்டியில் நீல உடை அணிந்த பெண், துப்பாக்கியோடு, பார்ப்பவரை நோக்கி விரல் நீட்டுகிறாள். இதை வைத்து ஸ்பெயினில் பெண்கள் ஆணுக்குச் சமமாகப் போரிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. உண்மையில் போர்முனைக்குப் போன பெண்கள் குறைவு. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அவர்களைத் திரும்ப அழைக்கும் பேச்சு தொடங்கி, 'ஆண்கள் போர்முனைக்கு, பெண்கள் பின்களத்துக்கு' என்பது வழக்கமான முழக்கமாகிவிட்டது. ஆர்தெச்சேயின் பெண்ணையும் ஆண்களை வெட்கப்படுத்திப் படையில் சேர்க்க வந்தவளாகத்தான் நான் பார்க்கிறேன். பிந்தைய சுவரொட்டிகளில் பெண் ஆலையில் நிற்கிறாள், வயலில் நிற்கிறாள், குழந்தையோடு குண்டுக்கு அஞ்சி ஓடுகிறாள். துப்பாக்கி ஏந்திய பெண்ணைக் காண்பது அரிதாகிவிடுகிறது.

எதிரியைக் காட்டிய விதத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். 'தேசியவாதிகள்' என்ற புகழ்பெற்ற சுவரொட்டியில் ஒரு கப்பல். அதில் பருத்த ஆயர் (பிஷப்), ராணுவத் தளபதி, நாஜிச் சின்னத்தோடு ஒரு முதலாளி, கூடவே மொரோக்கோச் சிப்பாய்கள். தூக்கில் தொங்குவது ஸ்பெயினின் வரைபடம். கூர்மையான கேலிதான். ஆனால் மொரோக்கோ மனிதர்களைத் தடித்த உதடும் மிருகப் பார்வையுமாக வரைந்தது அப்பட்டமான இனவெறுப்பு. வறுமையால் கூலிப்படைக்கு வந்த காலனி மக்கள் அவர்கள். மொரோக்கோவுக்கு விடுதலை தருகிறோம் என்று சொல்லியிருக்க வேண்டிய குடியரசு அதைச் சொல்லவில்லை; கேலிப்படம் வரைந்தது. ஆயர்களைப் பற்றிய கேலியையும் வெற்றிடத்தில் வைத்துப் பார்க்க முடியாது. குடியரசுப் பகுதியில் ஏறத்தாழ 6,800 பாதிரியார்களும் துறவிகளும் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் முதல் சில மாதங்களில். சுவரொட்டி அந்தக் கொலைகளைச் செய்யவில்லை. அதே சமயம், பார்த்தவர்களுக்கு அது வெறும் சித்திரமாகவும் இருந்திருக்காது.

வெளிநாட்டை நோக்கிச் செய்தவை ஒரு தனி வகை. மாட்ரிட் பகுதியில் 1936 இறுதியில் விமானக் குண்டுவீச்சில் இறந்த குழந்தைகளின் புகைப்படங்கள் எடுக்கப்பட்டன, அடையாளம் காண உடல்களில் எண் அட்டைகளோடு. அதில் ஒரு சிறுமியின் முகத்தை, மேலே பறக்கும் விமான வரிசையோடு ஒட்டி, 'இதைப் பொறுத்துக்கொண்டால் அடுத்தது உங்கள் குழந்தைகள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டார்கள். எண் அட்டையும் அப்படியே தெரியும். பிணத்தைக் காட்டிக் கூட்டம் சேர்ப்பது சரியா என்ற கேள்வி அன்றே எழக்கூடியதுதான். என் கருத்தில் இது நியாயமான சுவரொட்டி. நடந்ததை மிகைப்படுத்தவில்லை, சொன்ன எச்சரிக்கை சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் பலித்தது. ஜுவான் மீரோ 1937இல் பிரெஞ்சு மொழியில் செய்த 'ஸ்பெயினுக்கு உதவுங்கள்' இதற்கு நேரெதிர்: பெருத்த முஷ்டியோடு ஒரு கேட்டலோனிய விவசாயி, ஒரு பிராங்க் விலையில் தபால்தலையாக வரவேண்டி வரைந்தது. தபால்தலை வரவில்லை, அச்சுப்படமாக வந்தது.

இனி இந்தச் சுவரொட்டிகளில் மிகக் கசப்பான ஒன்று. 1937 மே மாதம் பார்சிலோனாவில் குடியரசுத் தரப்புக்குள்ளேயே துப்பாக்கிச் சண்டை வெடித்தது. ஒரு பக்கம் அரசுக் காவலர்களும் கம்யூனிஸ்ட்டுகளும், மறுபக்கம் அனார்க்கிஸ்ட்டுகளும் ஸ்டாலினை எதிர்த்த மார்க்சியக் கட்சியான பி.ஓ.யூ.எம்.மும். போரை முதலில் வெல்வதா, புரட்சியையும் கூடவே நடத்துவதா என்ற சண்டை நெடுநாளாகச் சுவர்களில் நடந்துகொண்டிருந்தது. 'முதலில் போரை வெல்வோம்' என்ற சாதாரண வரியில்கூட அந்தக் குத்தல் இருந்தது. மே மாதத்துக்குப் பிறகு ஒரு சித்திரம் நகரில் பரவியது: பி.ஓ.யூ.எம். என்று எழுதிய உருவம் அரிவாள் சுத்தியல் முகமூடியைக் கழற்றுகிறது. உள்ளே ஸ்வஸ்திகா முகம். ஜூனில் கட்சி தடைசெய்யப்பட்டது. அதன் தலைவர் ஆண்ட்ரூ நின் கைது செய்யப்பட்டு, ரகசியமாகக் கொல்லப்பட்டார். போர்முனையில் பாசிஸ்ட்டுகளோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த ஆட்களைப் பாசிஸ்ட் என்று சுவரில் வரைந்தது பொய், தெரிந்தே சொன்ன பொய். இந்தப் போரின் சுவரொட்டிகளை எவ்வளவு நேசித்தாலும் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

பிராங்கோ தரப்பில் சுவரொட்டி குறைவு. தொடக்கத்தில் பெரிய அச்சகங்கள் அவர்களிடம் இல்லை; அவர்கள் வானொலியை நம்பினார்கள், செவில்லிலிருந்து தளபதி கேய்ப்போ தெ லியானோ இரவுதோறும் மிரட்டியது பேர்போனது. 1937 ஏப்ரலில் எல்லாக் கட்சிகளையும் ஒன்றாக்கிய பிறகு 'ஒரே தாய்நாடு, ஒரே அரசு, ஒரே தலைவன்' என்று ஒரே குரல்தான். சிலுவை, வாள், பாசிசக் கட்சியான ஃபலாஞ்சேயின் சின்னமான நுகமும் அம்புகளும். சாயென்ஸ் தெ தெஹாதா போன்ற நல்ல ஓவியர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தச் சுவர்களில் வாக்குவாதம் இல்லை, அதனால் அங்கே படித்துத் தெரிந்துகொள்வதற்கும் குறைவு.

இவை வேலை செய்தனவா என்றால், முதல் மாதங்களில் செய்தன என்றே சொல்வேன். 1936 நவம்பரில் அரசே வாலென்சியாவுக்குக் கிளம்பிய பிறகு மாட்ரிட் தாக்குப் பிடித்ததில் 'அவர்கள் நுழைய முடியாது' என்று தெருவெங்கும் கண்ணில் பட்ட வரிக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயிறு காய்ந்தால் சுவர் பேசாது. 1938 அக்டோபரில் பிராங்கோவின் விமானங்கள் மாட்ரிட் மீது குண்டுக்குப் பதில் வெள்ளை ரொட்டிகளைப் போட்டன. சுற்றியிருந்த தாளில் 'அடுப்பெரியாத வீடில்லை, ரொட்டியில்லாத ஸ்பானியர் இல்லை' என்ற அவர்களுடைய முழக்கம். பருப்புக் கஞ்சியிலேயே மாதக்கணக்கில் உயிர் வைத்திருந்த ஊர் அது. அந்த ரொட்டிக்குப் பதில் சொல்லும் ஓவியம் எந்தச் சுவரிலும் இல்லை.

கலையா பிரச்சாரமா என்ற கேள்வியைப் போரின் நடுவிலேயே அவர்கள் சண்டை போட்டுப் பேசியிருக்கிறார்கள். 1937 ஜனவரியில் 'ஓரா தெ எஸ்பான்யா' என்ற இதழில் ஓவியர் ரமோன் காயா ஒரு கடிதம் எழுதினார். நம் சுவரொட்டிகள் சரக்கு விற்பதைப் போலப் போரை விற்கின்றன. மனிதனின் வலியும் உணர்ச்சியும் அவற்றில் இல்லை என்பது அவர் புகார். மறு இதழில் ரெனாவ் பதில் எழுதினார்: சுவரொட்டிக்காரனுக்கு ஒரு வேலை இருக்கிறது, ஓவியனின் சுதந்திரம் அவனுக்குக் கிடையாது, அந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் அவன் திறமை. ரெனாவ் அப்போது அரசின் நுண்கலைத் துறைத் தலைவர். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக பிக்காசோவிடம் ஓவியம் ('குவெர்னிகா') கேட்டவர்களில் ஒருவர். வாதத்தில் ரெனாவ் வென்றார் என்பது பொதுவான எண்ணம். நான் காயா பக்கமும் நிற்பேன். தசை முறுக்கிய வீரர்களை வரிசையாகப் பத்துப் பார்த்தால் பதினொன்றாவது மனதில் நிற்பதில்லை. கயிற்றுச் செருப்பும் எண் அட்டைச் சிறுமியும் நிற்கிறார்கள். காயா கேட்டது அவற்றில் இருக்கிறது, ரெனாவ் கேட்டதும் இருக்கிறது.

தோல்விக்குப் பிறகு, வரைந்தவர்கள் சிதறினார்கள். ரெனாவ் மெக்சிகோவுக்கும் பிறகு கிழக்கு பெர்லினுக்கும் போனார், 1982இல் அங்கேயே இறந்தார். ஃபொன்ட்சேரே பிரான்ஸ், நியூயார்க் என்று அலைந்து 1973இல் திரும்பினார். ஹெலியோஸ் கோமெஸ் பார்சிலோனாச் சிறையில் ஓர் அறைச் சுவரில் ரோமா முகங்களோடு கன்னி மரியாளை வரைந்தார். வீடுகளில் வைத்திருந்தவர்கள் பயத்தில் எரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால் நிறையத் தாள்களைக் காப்பாற்றியது பிராங்கோவின் அரசே. பிடித்த ஊர்களிலிருந்து ஆவணங்களை அள்ளி சலமன்காவில் குவித்தார்கள். ஆட்களை அடையாளம் கண்டு தண்டிக்க. அந்தக் குவியல்தான் இன்றைய ஆவணக் காப்பகம்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சலமன்கா காப்பகம், பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தின் 'குடியரசு அரங்கம்' நூலகம், அமெரிக்காவில் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் மூன்றிலும் பெரிய தொகுப்புகள் இருக்கின்றன, நிறைய இணையத்தில் கிடைக்கும். படத்தைப் பார்க்கும் முன் கீழ் விளிம்பைப் பாருங்கள். எந்தக் கட்சி அல்லது சங்கம் காசு கொடுத்தது என்று எழுத்துச் சுருக்கம் சொல்லும். அச்சகப் பெயரோடு 'கூட்டுடைமை ஆக்கப்பட்டது' அல்லது 'யு.ஜி.டி.–சி.என்.டி. கட்டுப்பாட்டில்' (யு.ஜி.டி. சோஷலிஸ்ட் தொழிற்சங்கம்) என்று இருந்தால் தொழிலாளிகள் கையில் இருந்த அச்சகம், போர் தொடங்கிய பிறகு வந்தது. வீரன் நீலத் தொழிலாளர் உடையில் இருந்தால் பெரும்பாலும் ஆரம்ப மாதங்கள். இரும்புத் தொப்பியும் சீருடையும் என்றால், தனித்தனிப் போராளிப் படைகளுக்குப் பதிலாகக் குடியரசின் 'மக்கள் படை' அமைந்த பிறகு. அப்புறம் மேலே போய், என்ன கேட்கிறார்கள் என்று வாசியுங்கள்.